வெள்ளி நிறக் காரில் அடித்த ஸ்பிரே பொருந்தவில்லை: மூல நிறத்துக்கு இணங்கச் செய்ய என்ன வழி?

பாலத்தடியான் (கல்லடி, மட்டக்களப்பு):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2008 ஆம் ஆண்டு உற்பத்தியான டொயோட்டா விட்ஸ் கார், நிறம் வெள்ளி. கடந்த மாதம் வீட்டுப் படலையின் சீமெந்துத் தூணில் இடப்பக்கப் பின் மட்காட் உரசியதில் ஒரு சாண் நீளத்துக்குப் பூச்சு உரிந்து, நடுவே இரண்டு விரல் அகலத்துக்குத் தகரமே தெரிந்தது. பம்பரின் மூலையிலும் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம் என்பதால், தகரத்தை வெறுமையாக விட்டால் துரு ஏறிவிடுமே என்ற அவசரத்தில், கடையொன்றில் 'சில்வர்' என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்த ஸ்பிரே டின் ஒன்றை வாங்கி, வோட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு நானே அடித்தேன்.

விளைவு மனதுக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. நண்பகலில் நேருக்கு நேர் நின்று பார்த்தால் அந்த இடம் ஈரச் சீமெந்து பூசியது போல இருண்டு தெரிகிறது. ஆனால் காரின் பின்னால் குந்தியிருந்து, பக்கவாட்டில் கண்ணை ஓட்டிப் பார்த்தால், அதே இடம் சுற்றியுள்ள பூச்சைவிட வெளுத்துத் தெரிகிறது. இரவில் போர்ட்டிகோவின் டியூப் லைட்டின் கீழ் பார்த்தால் வித்தியாசம் இருப்பதாகவே தெரியவில்லை. ஒரே பூச்சு ஒரு பக்கம் இருண்டும் மறுபக்கம் வெளுத்தும் தெரிவது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்தக் காரை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், எங்களைப் போன்ற ஆசிரியர் குடும்பங்களுக்குக் கையில் இருக்கும் வாகனத்தைப் பேணிக் காப்பதே வழியாயிற்று. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட போதிலும் விலை எங்களுக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே செய்வதை ஒழுங்காகச் செய்ய விரும்புகிறேன். நிறக் குறியீட்டைச் சொல்லி வாங்கினால் மட்டும் நிறம் பொருந்திவிடுமா? முழு மட்காட்டையும் அடிக்க வேண்டுமா, அல்லது அந்த இடத்தை மட்டும் திருத்தலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பூச்சுப் பட்டறை (கல்முனை):

வணக்கம் சேர். இருபத்திரண்டு வருடங்களாக ரிங்கரிங்கும் (தகர நெளிவு எடுக்கும் வேலை) பெயின்ட் வேலையும் செய்து வருகிறேன். நீங்கள் குந்தியிருந்து பார்த்தது மிகவும் சரியான சோதனை; பெரும்பாலானவர்கள் நேராக மட்டுமே பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துப் போய்விடுவார்கள். நீங்கள் எழுதிய அந்த ஒரு விவரத்திலேயே பாதிக் காரணம் வெளிப்பட்டுவிட்டது.

வெள்ளி நிறப் பெயின்டுக்குள் இருப்பது அலுமினியச் செதில்கள். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத சிறிய கண்ணாடிச் சில்லுகளைப் போல அவை ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. பூச்சு மெல்லியதாக விழுந்து விரைவாகக் காய்ந்தால் செதில்கள் மேற்பரப்போடு படிந்து தட்டையாகக் கிடக்கும். அப்போது நேராகப் பார்ப்பவருக்கு நிறம் பளிச்சென்று வெளுப்பாகவும், சாய்வாகப் பார்ப்பவருக்கு இருண்டும் தெரியும். டின்னைக் கிட்டப் பிடித்து, வழியும் அளவுக்கு ஈரமாக அடித்தால், பெயின்ட் காய்வதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் செதில்கள் ஆழத்தில் அமிழ்ந்து, ஒழுங்கில்லாமல் பல கோணங்களில் நின்றுவிடும். அப்போது நேராகப் பார்த்தால் இருண்டும், சாய்வாகப் பார்த்தால் வெளுத்தும் தெரியும். உங்கள் மட்காட்டில் நடந்திருப்பது இதுதான். நீங்கள் ஈரமாக அடித்திருக்கிறீர்கள். ஆகவே சரியான நிறத்தையே வாங்கி அதே கையால் அடித்திருந்தாலும் ஓரளவு வித்தியாசம் தெரிந்தே இருக்கும்.

அடுத்தது நிறக் குறியீடு. பொனட்டைத் திறந்து என்ஜினுக்குப் பின்சுவரில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் முன்கதவைத் திறந்து தூணில் பாருங்கள். ஒரு சிறிய தகட்டிலோ ஸ்டிக்கரிலோ 'சி/டிஆர்' என்ற எழுத்துகளுக்கு நேரே குறியீடு இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளது வெளிப்பூச்சின் நிறம். பின்னால் உள்ளது உள்ளலங்காரத்தின் நிறம். டொயோட்டாவின் வெள்ளியில் இப்பகுதியில் நான் அதிகம் காண்பது 1எஃப்7. வெள்ளையில் 040 உம் 070 உம் வரும். அவை இரண்டும் முற்றிலும் வேறானவை, ஒன்றின் மேல் மற்றதை அடித்துச் சமாளிக்க முடியாது.

ஆனால் குறியீடு என்பது கடைக்காரரிடம் பேச்சைத் தொடங்குவதற்கான ஓர் இலக்கம் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கார் அந்தக் குறியீட்டோடு தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டு இத்தனை வருடங்களாக வெய்யிலிலும் உப்புக் காற்றிலும் நின்றிருக்கிறது. நாம் பொருத்த வேண்டியது இன்றைக்கு முற்றத்தில் நிற்கும் காருக்கு. அதனால் பெயின்ட் வாங்குவதற்கு முன்பாக இரண்டு வேலைகளைச் செய்யுங்கள்.

முதலாவதாக, அந்த மட்காட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மெல்லிய கொம்பவுண்டால் (பூச்சைத் தேய்த்துத் துலக்கும் பசை) ஒரு கடதாசி அளவு இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். மேலே படிந்த ஒட்சியேற்றமும் தார்ப் புள்ளிகளும் நீங்கினால்தான் உண்மையான நிறம் வெளிப்படும். அழுக்குக்குப் பொருத்தி நிறம் கலந்துவிட்டுப் பின்னர் காரைப் பொலிஷ் செய்தால், அடித்த இடம் மட்டும் தனித்து நிற்கும். தேய்த்த துணியையும் கவனியுங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் மேலே கிளியர், அதாவது நிறமற்ற பளபளப்பான மேற்பூச்சு, இல்லாத ஒற்றைப் பூச்சு. நிறம் வராவிட்டால் நிறத்துக்கு மேல் கிளியர் இருக்கிறது. வெள்ளி நிறத்தில் கிளியர் இருந்தே தீரும். துணியில் வெள்ளிச் சாம்பல் வந்தால் அந்தக் கிளியர் தேய்ந்து போயிற்று என்று பொருள்.

இரண்டாவதாக, நீங்கள் அடித்ததைக் கழற்றுங்கள். தின்னர் தோய்த்த துணியால் துடைத்தால் டின் பெயின்ட் கரைந்து வந்துவிடும். தொழிற்சாலையில் ஏறத்தாழ 140 பாகை செல்சியஸில் வெந்த பூச்சு அப்படி இலகுவில் கரைந்து வராது. பம்பரில் மட்டும் தின்னரைத் தேக்கி வைக்காதீர்கள், பிளாஸ்டிக் மென்மையாகிவிடும். அத்துடன் பக்கத்துக் கதவின் உள்விளிம்பில், யாருக்கும் தெரியாத இடத்தில், அதே துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். ஏன் என்பதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.


முத்துவெள்ளை (காத்தான்குடி):

அனைவருக்கும் ஸலாம். கல்முனைச் சகோதரர் 040 ஐயும் 070 ஐயும் பற்றிக் குறிப்பிட்டதால், இதைப் படிக்கும் வெள்ளைக் கார் உரிமையாளர்களுக்காக என் அனுபவத்தையும் எழுதுகிறேன்.

என் காரின் குறியீடு 070. அது முத்து வெள்ளை என்பதை நான் அறிந்திருந்தேன். அது மூன்று படைகளால் ஆனது என்பதை அறிந்திருக்கவில்லை. அடியில் சாதாரண வெள்ளை. அதன் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய முத்துப் படை. அதற்கு மேல் கிளியர். நடுப் படையில் இருக்கும் மைக்காத் துணுக்குகளுக்கு டைட்டேனியம் ஒட்சைட்டு மேற்பூச்சு இருப்பதால் ஒளி அதற்குள் போய் வரும்போது இலேசான மஞ்சள் சாயலும் மினுக்கமும் உண்டாகின்றன. முன் பம்பர் உரசியபோது ஒரு கராஜில் கொடுத்தேன். அவர்கள் வெள்ளையை அடித்து மேலே கிளியர் மட்டும் போட்டுத் தந்தார்கள். மாலை நேரத்தில் வண்டியை எடுத்து வந்ததால் எனக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை பள்ளிவாசல் முன்றலில் நிறுத்தியபோது, பம்பர் பால் போலவும் பொனட் தயிராடை போலவும் இருந்தன. என் மகன்தான் முதலில் கேட்டான், "வாப்பா, பம்பரை மாத்தினீங்களா?" என்று.

இரண்டாவது தடவை வேறோர் இடத்தில், நிறம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பம்பரைத் தொடும் முன்பாக ஒரு நீளமான தகரத் துண்டில் வெள்ளை அடித்து, அதை நான்கு பகுதிகளாகப் பிரித்து, முதற் பகுதிக்கு ஒரு தடவை, இரண்டாம் பகுதிக்கு இரண்டு தடவை என்று நான்கு தடவை வரை முத்துப் படையை ஏற்றி, எல்லாவற்றின் மேலும் கிளியர் போட்டார். அது காய்ந்த பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பொனட்டின் மேல் படுக்க வைத்து நகர்த்தினார். மூன்றாம் பகுதிக்கு வந்தபோது தகரத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே சிரமமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பம்பரில் கைவைத்தார். முத்து வெள்ளைக்காரர்கள் தயவுசெய்து ஒரே டின்னில் வேலையை முடிக்க முயலாதீர்கள்; அந்தத் தகரத் துண்டை அடித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.


பாலத்தடியான் (கல்லடி, மட்டக்களப்பு):

பூச்சுப் பட்டறை அண்ணனுக்கும் முத்துவெள்ளை நானாவுக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன்.

தகடு என்ஜின் பின்சுவரில் இருந்தது. 1எஃப்7 என்றே இருக்கிறது. கொம்பவுண்டால் தேய்த்த இடம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் வெளுத்துவிட்டது. இத்தனை நாளும் நான் காரின் நிறம் என்று எண்ணியிருந்ததில் கணிசமான பங்கு அழுக்கு. துணியில் வெள்ளி வரவில்லை. நான் அடித்த பெயின்ட் தின்னரில் கரைந்து வந்துவிட்டது.

ஆனால் கதவின் உள்விளிம்பைத் துடைத்தபோது துணியில் வெள்ளி நிறம் வந்தது. நான் அந்தக் கதவில் ஒருபோதும் பெயின்ட் அடித்ததில்லை. மறுபக்கக் கதவில் துடைத்தபோது எதுவும் வரவில்லை. அப்படியானால் இந்தக் கதவு என்னிடம் வருவதற்கு முன்பே அடிக்கப்பட்டதா? இப்போது நான் மட்காட்டைக் கதவுக்குப் பொருத்துவதா, அல்லது குறியீட்டுக்குப் பொருத்துவதா?


நிறக்கலவை (ஏறாவூர்):

நான் பெயின்ட் கலந்து கொடுக்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். பூச்சுப் பட்டறை நானா ஏன் கதவைத் துடைக்கச் சொன்னார் என்பது உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். அடுப்பில் வெந்த மூலப் பூச்சு கரையாது. பின்னால் சாதாரணப் பெயின்டால் அடிக்கப்பட்டது கரையும். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வரும் கார்களில் இது புதுமையல்ல. அங்கே ஏலத்தில் விற்கும்போது காரின் நிலையைக் குறித்துத் தரும் ஏலத் தாளின் வரைபடத்தில் கதவின் மேல் 'டபிள்யூ' என்ற எழுத்து இருந்தால் அந்தப் பகுதி முன்பே திருத்தப்பட்டது என்று பொருள். ஏலத் தாள் கையில் இல்லாதவர்கள் பூச்சின் தடிப்பை அளக்கும் கருவியால் பார்க்கலாம். மூலப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரை இருக்கும். அதைப்போல இரு மடங்கு காட்டினால் பின்னால் யாரோ அடித்திருக்கிறார்கள். உங்களுடைய கதவு இங்கே அடிக்கப்பட்டிருக்கவும் கூடும். எங்கே என்பது இப்போது முக்கியமில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில்: மட்காட்டின் நிறத்தை மட்காட்டின் மூலப் பூச்சுக்கே பொருத்துங்கள். கதவு எப்போதாவது மறுபடி அடிக்கப்படும். மட்காட்டில் பெரும் பகுதி மூலப் பூச்சாக இருப்பதால் அதைக் கெடுக்க வேண்டாம். கதவுக்கும் மட்காட்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் கண் சற்று மன்னிக்கும். ஒரே தகட்டின் நடுவில் திட்டாக விழும் வித்தியாசத்தைக் கண் மன்னிக்காது.

இனிக் குறியீட்டைப் பற்றி. எங்கள் கணினியில் 1எஃப்7 என்று தட்டினால் ஒரு கலவை விகிதம் மட்டும் வருவதில்லை. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, உற்பத்தித் தொகுதிக்குத் தொகுதி சிறிய வித்தியாசங்கள் இருப்பதால், பெயின்ட் நிறுவனங்கள் ஒரே குறியீட்டுக்குப் பல வகைகளைப் பதிந்து வைத்திருக்கின்றன: ஒன்று நீலச் சாயலுக்குப் போகும், ஒன்று மஞ்சளுக்கு, இன்னொன்றில் செதில் பருமனாக இருக்கும். குறியீட்டைத் தொலைபேசியில் சொல்லி வாங்குபவருக்கு அந்தப் பட்டியலில் முதலாவதாக இருப்பதைத்தான் கொடுப்பார்கள். அதனால்தான் நான் எல்லோரிடமும் காரின் நிறத்திலேயே இருக்கும் வெளிப்புறப் பெற்றோல் மூடியைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்கிறேன். உள்ளங்கை அளவான அந்தத் துண்டு, வண்டி முழுவதையும் கடைக்குள் கொண்டுவந்ததற்குச் சமம். அதையும் முதலில் கொம்பவுண்டால் தேய்த்துத்தான் கொண்டுவர வேண்டும். நிற மாதிரி அட்டைகளை அதன் மேல் வைத்து, கடைக்கு வெளியே நிழலிலும் வெய்யிலிலும் மாறி மாறிப் பார்த்து, எந்த வகை என்பதைத் தெரிவு செய்வோம். நிறமானி இருக்கும் இடத்தில் அது பல கோணங்களிலிருந்து அளந்து காட்டும். அப்போதும் கடைசித் தீர்ப்பு கண்ணுக்கே.

டியூப் லைட்டின் கீழ் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெவ்வேறு நிறமிகளால் கலக்கப்பட்ட இரண்டு பெயின்ட்கள் ஒரு விளக்கில் ஒன்றுபோலவும் சூரிய ஒளியில் வேறாகவும் தெரிவது இயல்பு. உங்கள் போர்ட்டிகோவில் வித்தியாசம் மறைந்து போனதும் பெரும்பாலும் அதனால்தான்.

நாங்கள் கலப்பது எடைக் கணக்கில். தராசு 0.1 கிராம் வரை காட்டும். 100 மில்லிலீற்றர் போன்ற சிறிய அளவைக் கலக்கும்போது கறுப்பில் ஓரிரு துளி கூடினாலே வெள்ளி அழுக்கேறியது போலாகிவிடும். ஆகவே மிகச் சிறிய அளவு வேண்டுமென்று வற்புறுத்தாதீர்கள். கலந்த பெயின்டை வெறும் டின்னில் அழுத்தத்தோடு அடைத்துத் தரும் இயந்திரம் சில கடைகளில் இருக்கிறது. அலுமினியம் பாரமானது, அடியில் படிந்துவிடும். டின்னுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும், இடையிடையேயும் குலுக்க வேண்டும். ஸ்பிரே டின்னில் பெயின்ட் அடைக்கும் முறையை 1949 இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் உருவாக்கியதே அலுமினியப் பூச்சை அடிப்பதற்காகத்தான். இருந்தும் இன்றுவரை டின்னுக்கு மிகக் கடினமான நிறம் அலுமினிய வெள்ளியே.

பம்பரைப் பற்றி ஒரு சொல். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் 140 பாகையில் வைக்க முடியாது. அதைத் தனியாக அடித்துக் குறைந்த சூட்டில் காயவைப்பார்கள். ஆகவே புதிய காரிலும் பம்பருக்கும் மட்காட்டுக்கும் மெல்லிய வித்தியாசம் இருப்பதுண்டு. அதை நீங்கள் சரிசெய்ய முயல வேண்டாம். பிளாஸ்டிக் வெறுமையாகத் தெரியும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக்குக்கான பிரைமரை (அடிப்பூச்சை) முதலில் அடியுங்கள், இல்லாவிட்டால் தோலாக உரியும்.


ஓய்வுநிலை (அக்கரைப்பற்று):

எல்லோரும் நிறத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் நுரையீரலைப் பற்றி எழுதுகிறேன். இருபாகக் கிளியர், அதாவது கடைகளில் 2கே என்று சொல்வது, உறுதியானது, பளபளப்பானது, பெற்றோல் சிந்தினாலும் தாங்கும். அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற்று என்ற இரசாயனம் இருக்கிறது. அதைச் சுவாசித்துப் பழகியவர்களுக்கு ஆஸ்துமா வந்து, பின்னர் மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சு முட்டும் நிலை ஏற்படும். கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த துணி முகக்கவசமும் தூசிக்கான கவசமும் அதைத் தடுக்கா. சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் கவசம் இல்லாமல் வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில், அதை அடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிறத்தை வேண்டுமானால் வீட்டில் முயன்று பாருங்கள்; கிளியரைப் பட்டறையில் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல் தெறித்து விழுந்த அரிசி மணி அளவான காயம் போன்றவற்றுக்கு ஸ்பிரே தேவையே இல்லை. நுனித் தூரிகையால் ஒரு துளி வைத்து, காயவிட்டு, மறுபடி வைத்து மட்டமாக்குவதே போதுமானது. சேர் எழுதியது ஒரு சாண் நீளம் என்பதால் அவருக்கு இது பொருந்தாது.


பூச்சுப் பட்டறை (கல்முனை):

ஓய்வுநிலை ஐயா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். எங்கள் தொழிலில் மூத்தவர்கள் சிலர் இருமிக்கொண்டே வீட்டில் இருப்பதற்கு அந்தக் காலத்தில் யாரும் இதைச் சொல்லித் தராததும் ஒரு காரணம்.

சேர், நீங்கள் நிறத்தை வீட்டில் அடிப்பதாக இருந்தால், முதலில் காருக்கு அடிக்காதீர்கள். தடித்த மட்டை ஒன்றை எடுத்து, காருக்குப் போடப்போகும் அதே சாம்பல் பிரைமரை அதற்கும் அடித்து, மேலே நிறத்தை அடியுங்கள். ஒரே டின்னில் மூன்று விதமாக அடித்துப் பாருங்கள்: ஒரு மட்டையில் 15 சென்டிமீற்றரில் பிடித்து ஈரமாக, மற்றதில் 20 முதல் 25 சென்டிமீற்றரில் அளவாக, மூன்றாவதில் இன்னும் எட்டப் பிடித்து உலர்வாக. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கிளியர் இல்லாத நிறம் சுண்ணாம்பு போல மங்கலாகத்தான் இருக்கும். அதை அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள். கிளியரும் போட்டுக் காயவிட்டு, அதன் பிறகு மட்காட்டில் வைத்து நேராகவும், சரிவாகவும், குந்தியிருந்தும் பாருங்கள். எந்த மட்டை மறைகிறதோ அந்தக் கையோடு காருக்கு அடியுங்கள்.

நேரமும் முக்கியம். இப்போது வறண்ட கச்சான் காற்று வீசும் காலம். பத்து மணிக்குப் பிறகு தகரம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், பெயின்ட் தகரத்தில் விழும் முன்பே காற்றில் காய்ந்து, மணல் தூவியது போல் சொரசொரப்பாகப் படியும், புழுதியும் சேர்ந்துகொள்ளும். அதிகாலைப் பனி உலர்ந்த பிறகு, ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் அடியுங்கள். மாரியில் இதற்கு எதிரான துன்பம் வரும்: காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது அடித்த பூச்சு பால் படர்ந்தது போல் வெளுத்துவிடும். ஐப்பசி பிறப்பதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

அடிக்கும் முறையில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தகரம் தெரிந்த இடத்தில் துருவை முழுவதும் எடுத்து, இப்பொக்சி பிரைமர் போட்டு, 800 வோட்டர் பேப்பரால் மட்டமாக்குங்கள். நிறத்தை அந்த இடத்தோடு சதுரமாக வெட்டி நிறுத்தாமல், ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட ஒரு கை அகலம் வெளியே கொண்டுபோய், மணிக்கட்டைத் திருப்பி மெல்லக் கரைத்து விடுங்கள். அதற்காக டேப்பைக் காயத்துக்குக் கிட்ட ஒட்டாமல், மட்காட்டின் ஓரங்களில் மட்டும் ஒட்டுங்கள். கிளியரை மட்காட் முழுவதற்கும் போட வேண்டும். முழு மட்காட்டையும் அடிக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே பதில்: நிறம் காயத்தைச் சுற்றி மட்டும், கிளியர் முழுத் தகட்டுக்கும்.


பாலத்தடியான் (கல்லடி, மட்டக்களப்பு):

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பெற்றோல் மூடியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 1எஃப்7 இன் கீழ் மூன்று வகைகளின் அட்டைகளை எடுத்து வைத்தார்கள். கடைக்குள் மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. வாசலுக்கு வந்ததும் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று கரடுமுரடாகவும் தெரிந்து, நடுவில் இருந்த ஒன்று மூடிக்குள் கரைந்தது. முன்னர் நான் வாங்கிய டின்னில் அடித்த ஒரு மட்டையையும் கொண்டுபோயிருந்தேன். அது அந்த மூன்றுக்கும் கிட்டவே வரவில்லை.

வீட்டில் மட்டைகளை அடித்துப் பார்த்தேன். கிளியர் மட்டும் நானே போடவில்லை; மூன்று மட்டைகளையும் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் போட்டு எடுத்து வந்தேன். என் கைக்கு 20 சென்டிமீற்றரில் அடித்ததே பொருந்தியது; 15 இல் அடித்தது பழையபடி ஈரச் சீமெந்து நிறத்திலேயே வந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி நான்கு மெல்லிய தடவைகளில் நிறத்தை முடித்தேன். கிளியரைப் பட்டறையிலேயே போடக் கொடுத்தேன். அங்கே பம்பர் மூலையையும் பிளாஸ்டிக் பிரைமர் போட்டு முடித்துத் தந்தார்கள்.

நேற்று நண்பகலில் அதே இடத்தில் நின்று பார்த்தேன், பின்னர் குந்தியிருந்தும் பார்த்தேன். மட்காட்டில் அடித்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது கதவுதான் தனியாகத் தெரிகிறது: சாய்ந்து பார்த்தால் மட்காட்டைவிட ஒரு சாயல் மஞ்சள். இத்தனை வருடங்களாக அது என் கண்ணில் படவே இல்லை. அடுத்த கச்சான் காலத்தில் அந்தக் கதவை எடுக்கலாம் என்று இருக்கிறேன். கலவையில் எஞ்சியிருக்கும் பெயின்டை அதுவரை போத்தலில் வைத்திருக்கலாமா என்பதை ஏறாவூர்ச் சகோதரர் சொன்னால் நல்லது.


நிறக்கலவை (ஏறாவூர்):

இறுக்கமாக மூடி, வெய்யில் படாத இடத்தில் வைத்திருங்கள்; கடினமாக்கி கலக்காத நிறம் என்பதால் கெட்டுப்போகாது. போத்தலின் மேல் வகையின் பெயரையும் கலந்த திகதியையும் எழுதி ஒட்டுங்கள். பாவிப்பதற்கு முன் அடியில் படிந்த அலுமினியம் முழுவதும் எழும்பும் வரை தட்டையான கோலால் கலக்க வேண்டும். குலுக்கினால் மட்டும் போதாது. கதவுக்கு அடிக்கும் முன்பும் ஒரு மட்டையில் அடித்துப் பாருங்கள் சேர்.